கீழே வைத்த கருவி
(ரியானன் கிடன்ஸின் இசைப்பயணத்தை முன்வைத்து ஒரு நினைவுப் பேருரை)



நம் தோழரின் நினைவுநாள் உரையை இந்த ஆண்டு என்னிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். அவர் இருந்தவரை மன்றக் கூட்டங்களில் கடைசி வரிசையில்தான் உட்காருவார். பேசுபவர் பேசி முடித்ததும் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். பறைப் பயிற்சி முகாம் ஒன்றின் நிறைவு விழாவில், நம் கலையை மீட்டுவிட்டோம் என்று மேடையில் ஒருவர் பெருமையோடு சொன்னார். தோழர் எழுந்தார். “மீட்டோம், சரி. யாரிடமிருந்து மீட்டோம்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த உரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

தேடிப்போன இடம் சற்றுத் தொலைவானது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மெபேன் என்னும் சிற்றூர். அங்கே ஒரு கறுப்பின முதியவரின் வீடு. நம் பறையைப் பற்றிப் பேச அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐ.நா. சபைக்கு அளித்த மனுவின் நகலைக் கேட்ட அந்தக் கடிதத்தில், அவர்களுடைய நிலைக்கும் தீண்டத்தகாதோரின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். 1972இல் பம்பாயில் இயக்கம் கண்ட இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத் தங்களுக்குத் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பாதை முன்பே போடப்பட்டது. நான் அதில் இன்னொரு முறை நடக்கிறேன், அவ்வளவே.

ரியானன் கிடன்ஸ் 1977இல் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் பிறந்தவர். தாய் கறுப்பினத்தவர், தந்தை வெள்ளையர். ஓபர்லின் இசைக்கல்லூரியில் ஓபரா பயின்றார். ஐரோப்பியச் செவ்வியல் மேடைக்குத் தயாரான அந்தக் குரல் பாஞ்சோ என்னும் நாட்டுப்புறக் கருவியின் பக்கம் திரும்பியது. அந்தக் கருவி முதலில் தன் மக்களுடையது என்பதை அவர் வளர்ந்த பிறகுதான் அறிந்துகொண்டார். இதை நாம் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் பாஞ்சோ என்றதும் பொதுப்புத்தியில் வருவது மலைநாட்டு வெள்ளை விவசாயியின் உருவம். அப்படியொரு உருவம் எப்படி உண்டாக்கப்பட்டது என்பதுதான் இந்தக் கதையின் பாதி.

2025 ஏப்ரல் 18 அன்று அவர் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். ‘வாட் டிட் தி பிளாக்பேர்ட் சே டு தி குரோ’ என்பது பெயர். கரும்பறவை காக்கையிடம் என்ன சொன்னது என்று தமிழில் சொல்லலாம். மொத்தம் 18 உருப்படிகள். கிடன்ஸ் பாஞ்சோ, அவருடைய பழைய தோழர் ஜஸ்டின் ராபின்சன் ஃபிடில். ஃபிடில் என்றால் நாம் வயலின் என்று சொல்லும் அதே கருவிதான். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அடைந்துகொள்ளாமல் திறந்தவெளியில் வாசித்துப் பதிவு செய்தார்கள். மெபேனில் ஜோ தாம்சன் என்ற ஃபிடில் கலைஞர் வாழ்ந்த வீடு, எட்டா பேக்கர் என்ற கிதார் கலைஞர் வாழ்ந்த வீடு, ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த மில் பிராங் என்ற பண்ணை மாளிகை ஆகியவையே பதிவிடங்கள். பறவைகளின் குரலும் சில்வண்டுகளின் இரைச்சலும் இசையோடு சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. தொகுப்பை எடுத்துக்கொண்டு ‘ஓல்ட்-டைம் ரெவ்யூ’ என்ற குழுவோடு அமெரிக்காவைச் சுற்றிவந்தார் கிடன்ஸ்.

புதுத் தொகுப்பு வந்தால் ஊர் ஊராகப் போய் வாசிப்பது அங்கே எல்லா இசைக்கலைஞர்களும் செய்யும் தொழில்முறைக் காரியம். இந்தப் பயணம் எனக்கு ஏன் முக்கியமாகப்பட்டது என்றால், அவர் கொண்டுபோனது தன் சொந்தப் பாட்டுகளை அல்ல. இறந்துபோன ஓர் ஆசானின் பாடத்தைக் கொண்டுபோனார்.

ஜோ தாம்சன் 1918இல் பிறந்தவர். மரச்சாமான் தொழிற்சாலையில் உழைத்தவர். அவருடைய தாத்தா அடிமையாக இருந்தவர், ஃபிடில் வாசித்தவர். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து ஜோவுக்கு என்று அந்த வாசிப்பு வந்தது. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளான ஜோவும் ஓடெலும் சேர்ந்து ஒருவர் ஃபிடிலும் மற்றவர் பாஞ்சோவுமாக நடன விருந்துகளில் வாசித்தார்கள். இடையில் நின்றுபோன வாசிப்பை 1970களில் மீண்டும் தொடங்கினார்கள். 1994இல் ஓடெல் இறந்தார். ஜோ தனியானார். கறுப்பினக் கம்பிவாத்திய மரபைத் தந்தைவழியாகவே கற்றுக் கடைசிவரை வைத்திருந்த மிகச் சிலரில் அவர் ஒருவர்.

2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்களின் கூடுகை ஒன்று நடந்தது. அங்கே கிடன்ஸ், ராபின்சன், டாம் ஃபிளெமன்ஸ் ஆகிய மூன்று இளைஞர்களும் சந்தித்தார்கள். பிறகு மூவரும் ஜோவின் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். அப்போது அவருக்கு வயது 86. வாராவாரம் போனார்கள். அவரிடம் பாடத்திட்டம் எதுவும் கிடையாது. அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசிப்பார்கள். அந்தத் திண்ணையிலிருந்து எழுந்ததுதான் ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ என்ற குழு. அவர்களுடைய 2010 தொகுப்பு கிராமி விருது பெற்றது. ஜோ 2012இல் மறைந்தார். மூன்று பேர் ஏழு ஆண்டுகள் தாமதித்துப் போயிருந்தால் பூட்டிய கதவைத்தான் பார்த்திருப்பார்கள்.

இப்போது கருவிக்கு வருகிறேன்.

பாஞ்சோவின் முன்னோர் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அக்கோண்டிங் என்ற கருவி இன்றும் இருக்கிறது. சுரைக்குடுக்கையை வெட்டி, வாயில் தோலை இழுத்துக் கட்டி, நீண்ட கழியைச் செருகி, மூன்று தந்திகளை மாட்டியிருப்பார்கள். நகத்தால் கீழ்நோக்கி அடித்து வாசிப்பார்கள். பாஞ்சோவின் பழைய வாசிப்பு முறையும் அதுவே. கரீபியத் தீவுகளின் கரும்புப் பண்ணைகளிலும் வர்ஜீனியா, கரோலினா பண்ணைகளிலும் அடிமைகள் தங்கள் நினைவிலிருந்து இதைச் செய்துகொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் கரோலினாவில் வரையப்பட்ட ‘தி ஓல்ட் பிளான்டேஷன்’ என்ற நீர்வண்ண ஓவியத்தில், ஓர் அடிமை சுரைக்குடுக்கை பாஞ்சோவை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறார். நம் கண்ணுக்கு அது கழுத்து முளைத்த பறைதான். மேலே இருப்பது தோல், அடித்தால் அதிர்கிறது.

அந்த மக்களிடம் பறை மாதிரியான முழவுகளும் இருந்தன. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முழவு கொட்டி ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள். கிளர்ச்சியை நசுக்கிய பிறகு 1740இல் கொண்டுவந்த சட்டத்தில், அடிமைகள் முழவும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். முழவின் ஓசை ஆட்களைத் திரட்டும் என்பது எஜமானர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தத் தகவலைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே முழவைப் பறித்தார்கள். இங்கே அதே முழவை நம் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அங்கே அடித்தால் தண்டனை, இங்கே அடிக்காவிட்டால் தண்டனை. இழவு விழுந்தால் அடி, கோயில் சாட்டுக்கு அடி, செத்த மாட்டை இழு, அதன் தோலை உரி, அந்தத் தோலிலேயே பறை கட்டு. கூலி என்ன? களத்துமேட்டில் ஒரு மரக்கால் நெல், இழவு வீட்டில் வாய்க்கரிசியோடு சில்லறை. இரண்டு எஜமானர்களும் ஒரே உண்மையைத் தெரிந்துவைத்திருந்தார்கள்: ஒரு மக்களின் ஓசையை யார் கட்டுப்படுத்துகிறார்களோ அவர்களே அந்த மக்களைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

முழவு போன இடத்தில் பாஞ்சோவும் ஃபிடிலும் நின்றன. பிறகு அதையும் பறித்தார்கள். பறித்த விதம் வேறு. 1843இல் நியூயார்க்கில் ‘வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்’ என்று நான்கு வெள்ளையர்கள் மேடை ஏறினார்கள். எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, உதட்டைப் பெரிதாக வரைந்துகொண்டு, பாஞ்சோவும் ஃபிடிலும் வாசித்து, கறுப்பினத்தவரைக் கோமாளிகளாக நடித்துக் காட்டினார்கள். பல பத்தாண்டுகள் அமெரிக்காவின் தலையாய வெகுஜனக் கேளிக்கையாக அது இருந்தது. கறுப்பின மக்களைத் தனித்து ஒதுக்கிய சட்டங்களுக்கு ஜிம் குரோ சட்டங்கள் என்று பெயர் வந்ததே இப்படிப்பட்ட கரிபூசிய மேடைப் பாத்திரம் ஒன்றிலிருந்துதான். விளைவு என்ன? பாஞ்சோவைக் கையில் எடுத்தாலே தன்னைக் கேலி செய்த சிரிப்பு ஒரு கறுப்பின இளைஞனின் காதில் விழுந்தது. அவன் கருவியைக் கீழே வைத்தான். நகரத்துக்குப் போனவன் வேறு இசையை உண்டாக்கிக்கொண்டான்.

மிச்சத்தை இசைத்தட்டு நிறுவனங்கள் முடித்துவைத்தன. 1920இல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி புளூஸ்’ விற்றுத் தீர்ந்ததும், கறுப்பினத்தவரிடம் விற்பதற்கென்று ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று ஒரு வரிசை வந்தது. 1923இல் ஃபிடிலின் ஜான் கார்சன் என்ற வெள்ளையரின் வாசிப்பைப் பதிவு செய்ததும், கிராமத்து வெள்ளையருக்கென்று ‘ஹில்பில்லி’ என்று இன்னொரு வரிசை வந்தது. கறுப்பினத்தவர் என்றால் புளூஸ் பாட வேண்டும். ஃபிடில் வேண்டுமென்றால் வெள்ளையரிடம் போ. நேற்றுவரை ஒரே விருந்தில் ஒரே மெட்டை வாசித்தவர்களை ஊர் என்றும் சேரி என்றும் விலைப்பட்டியலில் பிரித்துவைத்தார்கள். கறுப்பின ஃபிடில் கலைஞர்கள் இருந்தார்கள். தட்டில் பதிவாவது அரிதாகிவிட்டது. தட்டில் இல்லாதவன் வரலாற்றிலும் இல்லை என்று ஆகிவிட்டது.

ஆகவே பாஞ்சோ இரண்டு முறை களவுபோனது. முதல் களவு கருவியை எடுத்துக்கொண்டது. இரண்டாவது களவு, அது தன்னுடையது என்ற நினைவையே உடையவரிடமிருந்து எடுத்துவிட்டது.

கிடன்ஸ் செய்வதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 2010 தொகுப்பில் ஒரு மெட்டு. அது கரிபூசிய மேடையின் வெள்ளைக் கலைஞர் டான் எமெட் வழியாக ஏட்டில் வந்தது. அவருடைய ஓஹையோ ஊர்ப்பக்கத்தில் ஸ்னோடன் என்ற கறுப்பின இசைக்குடும்பம் வாழ்ந்தது. குழு அந்த மெட்டை ‘ஸ்னோடன்ஸ் ஜிக்’ என்று அந்தக் குடும்பத்தின் பெயரால் வெளியிட்டது. 2017இல் வெளியான ‘அட் தி பர்ச்சேஸர்ஸ் ஆப்ஷன்’ என்ற பாடலுக்கு மூலம் பழைய விற்பனை விளம்பரம் ஒன்று. ஓர் இளம்பெண் விற்பனைக்கு. அவளுடைய ஒன்பது மாதக் குழந்தையைச் சேர்த்து வாங்குவதும் விடுவதும் வாங்குபவர் இஷ்டம். அந்தத் தாயின் வாயிலிருந்து வருவதாகப் பாடலை எழுதினார் கிடன்ஸ். செனகலிலிருந்து பிடித்துக்கொண்டுவரப்பட்டு 1807இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்ட இஸ்லாமிய அறிஞர் உமர் இப்னு சயீது, 1831இல் அரபியில் தன் வரலாற்றை எழுதியவர். அவரைப் பற்றி மைக்கேல் ஏபெல்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய ‘ஓமர்’ என்ற ஓபரா 2022இல் அதே சார்ல்ஸ்டனில் அரங்கேறி, 2023இல் இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. அடிமை இறங்கிய துறைமுகத்தில் அவனே நாயகனாகிப் பாடினான்.

2017இல் புளூகிராஸ் இசைச் சங்கத்தின் மாநாட்டில் கிடன்ஸ் ஆற்றிய உரையின் சாரம் இது: இந்த இசைக்குள் பன்மையைப் புதிதாகக் கொண்டுவருவது எப்படி என்று கேட்காதீர்கள், அதைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்று கேளுங்கள். விருந்தாளியாக உள்ளே கூப்பிடுகிறவர்களிடம், நாங்கள் இந்த வீட்டைக் கட்டியவர்கள் என்று சொன்ன பேச்சு அது.

இந்தச் சுற்றுப்பயணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2025 மே மாதம் வாஷிங்டனின் கென்னடி மையத்தில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் அந்த மையத்தின் நிர்வாகக் குழுவைக் கலைத்து மாற்றித் தானே தலைவரானார். புதிய நிர்வாகம் நிகழ்ச்சிகளில் செய்த மாற்றங்களை ஏற்று அங்கே வாசிக்க மனசாட்சி இடம் தரவில்லை என்று கிடன்ஸ் அறிவித்தார். நிகழ்ச்சி அதே நகரின் ‘தி ஆந்தம்’ என்ற அரங்குக்கு மாறியது. அதற்கு முந்தைய ஏப்ரலில் டர்ஹம் நகரில் ‘பிஸ்கட்ஸ் அண்ட் பாஞ்சோஸ்’ என்ற விழாவை அவரே நடத்தினார். கறுப்பினக் கலைஞர்களை மையத்தில் வைத்த விழா. பல ஆண்டுகளுக்குப் பிறகு பழைய குழு அங்கே ஒன்றுசேர்ந்து வாசித்தது. ஒரு மேடையை மறுக்கிறவருக்குச் சொந்தமாக ஒரு மேடையும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் கதையை வெற்றிக்கதையாக மட்டும் சொல்லி முடிக்க மாட்டேன். இந்த இசைக்கு வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் வெள்ளையர் என்பதைக் கிடன்ஸே பேட்டிகளில் பேசியிருக்கிறார். 2024இல் பியான்சே வெளியிட்ட ‘டெக்சஸ் ஹோல்டு எம்’ பாடலில் ஒலிக்கும் பாஞ்சோ கிடன்ஸுடையது. அந்தப் பாடல் கன்ட்ரி இசை வரிசையில் முதலிடம் பிடித்தபோது, அவ்விடத்தைப் பிடித்த முதல் கறுப்பினப் பெண் பியான்சே என்று எழுதினார்கள். பெருமைதான். தாங்கள் உண்டாக்கிய கருவியோடு முதலிடத்துக்கு வர 2024வரை ஆகியிருக்கிறது என்பதும் அதே செய்திக்குள் இருக்கிறது. மீட்பவர் மேடையில் இருக்கிறார். கருவியைக் கீழே வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் அரங்குக்குள் இருக்கிறார்கள் என்ற கேள்வி முடிந்துவிடவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

என் அப்பா பறையடித்தவர். அவருடைய 30 வயது வாக்கில் எங்கள் சேரியில் பெரியவர்களும் இளைஞர்களும் கூடி, இனி ஊருக்குப் பறையடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். தமிழ்நாட்டின் எத்தனையோ சேரிகள் எடுத்த முடிவுதான். அதன் விலையும் எல்லாச் சேரியும் கொடுத்த விலைதான். வயல்வேலை நின்றது. கடையில் சாமான் தர மறுத்தார்கள். எங்கள் வீட்டுப் பறையை அப்பா உடைத்தாரா, எரித்தாரா, விற்றாரா என்று எனக்குத் தெரியாது. நான் விவரம் தெரிந்து பார்த்தபோது வீட்டில் பறை இல்லை. அப்பா செங்கல் சூளைக்குப் போனார். நான் பள்ளிக்கூடம் போனேன்.

கல்லூரியில் பறைப் பயிற்சி முகாம் ஒன்றில் சேர்ந்தேன். பறையைத் தீயில் காய்ச்சினேன், அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் பிடித்தேன், நான்கைந்து அடிகளைக் கற்றுக்கொண்டேன். விடுமுறைக்குப் போனபோது பறையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பறையைப் பார்த்தார். “வெளிய வெச்சுட்டு வா” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வா என்று சொல்வது போலச் சொன்னார். இரவு சாப்பிடும்போது நான் வாதம் செய்தேன். இது ஆதிக் கலை, நம் அடையாளம், சங்க இலக்கியத்திலேயே பறை இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “நாங்க அத கீழ வெச்சதாலதான் நீ பொஸ்தகத்தக் கையில எடுத்த” என்றார். பிறகு, “நீ அடிக்கறது நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ அடிக்கறது எதுக்குன்னு அடிக்கற?” என்று கேட்டார்.

சாமிச்சாட்டு, மருள் அடி, ஒத்தையடி, சாவு அடி என்று முகாமில் எனக்குப் பெயர்கள் தெரிந்திருந்தன. இழவுச் செய்தியோடு இன்னொரு ஊருக்குப் போகும்போது ஒரு நடை, பிணம் தூக்கும்போது ஒன்று, சுடுகாட்டு எல்லையில் ஒன்று என்று அவருக்குள் எத்தனை இருந்தன என்பது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் 19 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். நான் கேட்கவில்லை. அவராகச் சொல்லவும் இல்லை. பறையைப் பற்றி நான் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மெபேன் திண்ணைக்கு வாராவாரம் மூன்று பேர் போனார்கள். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு, அதே வீட்டில் பிறந்த நானும் போகவில்லை.

அவர் மறுத்தது சரி என்று இன்று எனக்குத் தெரிகிறது. இது மிக முக்கியம், தோழர்களே. பறையைக் கீழே வைத்தவர்கள் கலையின் அருமை தெரியாதவர்கள் அல்லர். அருமை தெரிந்தே வைத்தார்கள். கலையையும் அடிமைத்தனத்தையும் ஒரே வாரில் கட்டி அவர்கள் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். ஒன்றைக் கழற்றினால் இன்னொன்றும் சேர்ந்துதான் விழும். மானத்துக்காக அவர்கள் கொடுத்த விலையில் கலையும் ஒன்று. கூலியிழப்பைக் கணக்குப் பார்த்தோம், ஊர்விலக்கைக் கணக்குப் பார்த்தோம். இந்த இழப்பை நாம் கணக்கில் எழுதவே இல்லை.

அவர்கள் கீழே வைத்ததை எடுத்துப் புதுப்பொருள் கொடுத்தவர்களும் நம்மிடையே உண்டு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் இழிசொல்லாக வீசப்பட்ட பெயரையே எடுத்து ‘பறையன்’ என்று இதழ் தொடங்கினார். நம் கே.ஏ.குணசேகரன் மேடை மேடையாகப் பாடினார், ‘வடு’ எழுதினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள், பெண் தொடக் கூடாது என்ற பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடினார்கள். 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மகிழ்ச்சியோடுதான் சொல்கிறேன்.

அதே சமயம் இன்னொன்று நடக்கிறது. பறை தமிழரின் ஆதி இசை, எல்லாத் தமிழருக்கும் பொது என்று இப்போது எல்லா மேடையிலும் கேட்கிறோம். பொது என்றால் நல்லது. இழவு வீட்டில் அடிப்பதும் பொதுவா? மாநாட்டு ஊர்வலத்தில் பறை பொது. சாவு விழுந்தால் மட்டும் சேரிக்கு ஆள் அனுப்புவது எந்தப் பொது? பாஞ்சோ அமெரிக்க தேசத்தின் கருவி என்று சொல்லிச் சொல்லியே அதைச் செய்த கையை மறைத்தார்கள். தமிழர் பறை என்ற சொல்லுக்குள்ளும் அப்படி ஒரு மறைப்பு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் கடமை.

இப்போது தோழரின் கேள்விக்கு வருகிறேன். யாரிடமிருந்து மீட்டோம்? எங்கள் அப்பாக்களிடமிருந்து அல்ல. அவர்கள் அதை யாரிடமும் பறிகொடுக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அதை இழிவாக்கியவர்களிடமிருந்து மீட்க வேண்டும். அந்த இழிவு இன்னும் முடிந்துவிடவில்லை. இந்த மாவட்டத்திலேயே சாவுக்குப் பறையடிக்க மறுத்ததற்காக ஒரு குடும்பம் மிரட்டப்படும் காலம்வரை, நாம் மீட்டுவிட்டோம் என்று இறந்தகாலத்தில் பேச முடியாது. மீட்டுக்கொண்டிருக்கிறோம் என்று மட்டுமே பேசலாம். அடிக்கும் உரிமையும் அடிக்க மறுக்கும் உரிமையும் ஒரே உரிமையின் இரண்டு கைகள். ஒரு கையால் பறையடிக்க முடியாது.

மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைத்து முடிக்கிறேன். மேடைகள் நிறைய வந்துவிட்டன. இனி திண்ணைகளுக்குப் போவோம். நம் ஒவ்வொருவருடைய ஊரிலும் பறையைக் கீழே வைத்த பெரியவர் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். கருவியைக் கொண்டுபோக வேண்டாம். ஒலிப்பதிவுக் கருவியையும் முதல் நாளே எடுத்துவிட வேண்டாம். போய் உட்காருங்கள். ஏன் கீழே வைத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். எப்படி அடித்தீர்கள் என்பதைப் பிறகு கேட்கலாம். சொல்ல மாட்டேன் என்றால் அந்த மறுப்பை அவர் பெயரோடு எழுதிவையுங்கள், அதுவும் நம் வரலாறு. சொல்வார் என்றால் அவருக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் கொடுங்கள். பதிவு அவர் பெயரில், அவர் குடும்பத்தின் உரிமையில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு பெரியவரின் பதிவை இந்த நினைவுநாளில் வெளியிடலாம் என்பது என் யோசனை. முதல் ஆண்டுச் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

மெபேனில் ஜோ தாம்சன் இப்போது இல்லை. அவருடைய மாணவர்கள் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போய், அவர் கற்றுக்கொடுத்ததை வாசித்து, அதை உலகத்துக்கு எடுத்துப்போனார்கள். என் அப்பாவின் திண்ணையும் இன்று காலிதான். அங்கே போய் வாசிக்க என்னிடம் அவருடைய அடி ஒன்றுகூட இல்லை. உங்களில் யாருக்கும் இப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.